வேலைக்கு முன் பத்து நிமிடம்: கட்டிடத் தொழிலாளரின் பாதுகாப்புக் கூட்டம்

கட்டிட வேலையில் அபாயம் நாள்தோறும் இடம் மாறுகிறது. தொழிற்சாலையில் இயந்திரம் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். கட்டிடத்திலோ, நேற்று சமதரையாக இருந்த இடம் இன்று பள்ளமாகியிருக்கும்; நேற்று உறுதியாக இருந்த சாரத்தில் இன்று ஒரு கழி அவிழ்க்கப்பட்டிருக்கும். ஆதலின், வேலையிற் சேர்ந்த நாளில் ஒரு முறை கூறப்படும் அறிவுரை போதாது. அன்றன்று வேலை தொடங்குமுன், வேலை நடக்கும் இடத்திலேயே பத்து நிமிடக் கூட்டம் ஒன்று நடத்துதல் வேண்டும்.

ஒரு கூட்டத்திற்கு ஒரு பொருள்

தலைக்கவசம், மின்சாரம், ஏணி, சாரம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே பேசினால் எதுவும் மனத்தில் நில்லாது. அன்றைய வேலையில் உயிருக்கு ஊறு செய்யக்கூடியது எதுவோ அதனை மட்டும் எடுத்துக்கொள்க. குழாய் பதிப்பதற்காக 2 மீட்டர் ஆழப் பள்ளம் தோண்டும் நாளை உதாரணமாகக் கொள்வோம்.

முதலிற் காரணத்தை விளக்குதல் வேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கிலோகிராம். சரிந்த மண் மார்பளவு மூடினாற்கூட, தலை வெளியே இருந்தும் மார்பு விரிய இயலாமல் மூச்சு முட்டும். நேற்று செங்குத்தாக நின்ற பக்கம் இன்றும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மண் உலர்ந்தால் வெடிப்புக் காணும்; மழைநீர் புகுந்தால் பிடிப்பை இழக்கும்; அருகிற் செல்லும் லாரியின் அதிர்வும் அதனைச் சரிக்கும்.

அடுத்து அளவுகள். மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளின்படி, பள்ளம் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமாயின், பக்கங்களைச் சரிவாக அமைத்தல் வேண்டும். அல்லது பலகையும் குறுக்குச் சட்டமும் கொண்டு முட்டுக் கொடுத்தல் வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்திற் பாதி, இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். 2 மீட்டர் பள்ளத்திற்கு இது 1.5 மீட்டர், 4 மீட்டர் பள்ளத்திற்கு 2 மீட்டர். இவ்வெண்களை ஒப்புவிப்பதால் பயனில்லை. தொழிலாளர் ஒருவரிடம் அளவுநாடாவைக் கொடுத்து அளக்கச் செய்து, சுண்ணாம்புக் கோடு இடச் செய்க.

வினவும் முறை

“புரிந்ததா?” என்றால் அனைவரும் தலையசைப்பர். “மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? காட்டுங்கள்”, “பக்கம் சரிந்தால் எவ்வழியாக ஏறுவீர்கள்?” என்று கேட்பதே தகும். இன்று ஒரே வேலைத்தலத்தில் இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு பேசுவோர் சேர்ந்து உழைக்கின்றனர். ஒவ்வொரு மொழியினருள்ளும் ஒருவர் செய்தியைத் தம் மொழியில் திருப்பிக் கூறுதல் அவசியம். மண் சுமக்கும் சித்தாள் பெண்கள் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பர். பள்ளத்தின் விளிம்பில் மிகுதியாக நடப்பவர் அவர்களே. அவர்களை முன்னே அழைத்தல் வேண்டும். சரிவு நேர்ந்தால் மீட்பதற்காக எவரும் உடனே உள்ளே குதிக்கலாகாது. மண் இரண்டாம் முறையும் சரியக்கூடும் என்பதையும் கூறுக.

சொன்னவருக்கு நட்டம் கூடாது

கூட்டத்தின் பயன் இதிலேதான் அடங்கியுள்ளது. விளிம்பில் வெடிப்புக் கண்டதாக ஒருவர் சொன்னால், அதனைச் சோதித்துச் சீர்செய்யும்வரை எவரையும் பள்ளத்தில் இறக்கலாகாது. சொன்னவரை மேஸ்திரி கடிந்துகொண்டாலோ, வேலை நின்ற நேரத்திற்குக் கூலி பிடித்தாலோ, மறுநாள் எவரும் வாய் திறவார். பின்னர் நடக்கும் கூட்டம் கையெழுத்து வாங்கும் சடங்காக முடியும்.

ஆகவே, பதிவேட்டில் வந்தவர் பெயரோடு, எவர் எக்குறையைக் கூறினார், அது எப்பொழுது நீக்கப்பட்டது என்பதையும் எழுதுக. மறுநாட் கூட்டத்தை அக்குறிப்பைப் படித்தே தொடங்குக. தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள், மாணவர் ஒவ்வொருவரையும் முறைவைத்து இத்தகைய கூட்டம் நடத்தப் பழக்கினால், நாளை மேற்பார்வையாளராக வரும்போது அவர்களுக்கு இது இயல்பான வேலையாகிவிடும்.