கூரை இல்லாத கார், கூட ஆள் இல்லாத பயணம்: சமயநல்லூரில் தொடங்கும் 2,000 ஆண்டுப் பாதை

திண்டுக்கல் பக்கமிருந்து மதுரைக்கு வருகிறவர்களுக்கு சமயநல்லூர் என்பது பெரும்பாலும் ஒரு பச்சைப் பலகை மட்டுமே. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இங்கேதான் நகரை விட்டு விலகி பைபாஸாகப் பிரிகிறது. நேராகப் போனால் மதுரை, பைபாஸைப் பிடித்தால் கப்பலூர், அப்படியே தெற்கே. நிற்பதற்கு யாருக்கும் நேரமில்லை.

ஆனால் இங்கிருந்து மூன்றாவதாக ஒரு சாலையும் இருக்கிறது. தேனூர், திருவேடகம் வழியாக சோழவந்தானுக்குப் போகிற சின்ன ரோடு. வைகைக் கரையை ஒட்டியே போகும். வீக் எண்டில் தனியாக ஒரு ‘ஓப்பன் கார்’ டிரைவ் போக ஆசைப்படுகிறவர்கள் ஈசிஆரையும் கொடைக்கானலையும் தேடுகிறார்கள். இந்தப் பாதையில் ஒரு நாளுக்குள் நூறு கிலோமீட்டர் கூட ஓட்டாமல், மதுரை வரலாற்றின் ஒரு பெரிய சண்டையின் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

முதலில் வண்டி

கன்வெர்டிபிள் என்றாலே சினிமா கார்தான் ஞாபகத்துக்கு வரும். மினி கூப்பர், பிஎம்டபிள்யூ மாதிரியான கம்பெனிகளின் கன்வெர்டிபிள் கார்கள் இளம் சம்பளக்காரர்களுக்கு எட்டாத விலை. நம் ஊர் ரோட்டில் அதிகம் பார்க்கக்கூடியது, 2020 அக்டோபரில் வந்த புது மஹிந்திரா தாரில் மடக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட மாடல். யூஸ்டு மார்க்கெட்டில் கிடைக்கிறது.

“அதுக்கென்ன, நம்ம ஜீப்பு கூரையைக் கழட்டிட்டா போச்சு” என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் முரணாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். கம்பெனியே மடக்கும் கூரையோடு கொடுத்த வண்டியில் கூரையைத் திறந்தால் பிரச்சினை இல்லை. கட்டர் வைத்து அறுத்த வண்டியில்தான் பிரச்சினை.

வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்கு கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ‘ஃபிரெண்டோட வண்டிதான், சும்மா கொஞ்சம் காசு’ என்று வெள்ளை போர்டு வண்டியைத் தருகிறவர்களிடம் எடுத்தால், வழியில் நிறுத்திக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது ஸ்டியரிங் பிடித்திருப்பவர்தான்.

வெயிலைச் சும்மா நினைக்க வேண்டாம்

மதுரைச் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சர்வசாதாரணம். கூரை திறந்த காரில் வெயிலின் சூடு முதலில் தெரியாது. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். தாகமும் தோல் எரிச்சலும் ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் சரியான நேரம். அப்போதும் காலை ஆறரைக்குக் கிளம்பி, பத்து பத்தரைக்குக் கூரையை மூடிவிடுவது நல்லது.

வேகம் இன்னொரு விஷயம். நாலு வழிச் சாலையில் 90-ல் போகும்போது திறந்த காரில் கிடைப்பது இரைச்சலும் லாரிப் புகையும்தான். 40, 50-ல் போனால்தான் இதற்கு அர்த்தமே. 1888-ல் பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவரிடம் சொல்லாமல் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் போனதுதான் உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம். அந்த வண்டிக்கும் கூரை கிடையாது. கார்கள் வேகம் பிடித்த பிறகுதான் மூடிய கூரை வழக்கமானது.

ஆற்றங்கரை ரோடு

சமயநல்லூரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே தேனூர். பார்த்தால் சாதாரண கிராமம். ஐங்குறுநூற்றில் பேர் வருகிற ஊர் இது. கரும்பு ஆலைகளின் சத்தம் கேட்கிற ஊராக அதில் வருகிறது. 2009-ல் இங்கே கிடைத்த புதையலில் தங்கக் கட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் தமிழ் பிராமியில் ‘கோதை’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர், மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருவது வண்டியூர் பக்கம் உள்ள ‘தேனூர் மண்டபத்தில்’. திருமலை நாயக்கர் விழாவை மாற்றியமைப்பதற்கு முன்பு அழகர் இறங்கியது இந்தத் தேனூர் ஆற்றில்தான் என்று ஊரே சொல்லும். இப்போது விழா மதுரையில். பெயர் மட்டும் மண்டபத்தோடு போயிருக்கிறது.

அடுத்து திருவேடகம். ஏடு, அகம் என்று பிரித்துச் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் பாண்டியன் அவையில் சமணர்களுக்கும் திருஞானசம்பந்தருக்கும் நடந்த புனல்வாதத்தில், சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு ஓட்டத்தை எதிர்த்து வந்து கரையேறிய இடம் இது என்பது சைவ மரபு. ஏடகநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். சமணர்கள் தோற்று, எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்று பெரியபுராணக் கதை முடியும். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேவைப்படும்.

இங்கிருந்து சோழவந்தான் வரை இரு பக்கமும் வயல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். முல்லைப் பெரியாறு தண்ணீர் வருகிற இருபோகப் பகுதி இது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி நிழலில் கொடி படர்ந்திருக்கும் கொடிக்காலைத் தாண்டும்போது காற்று சட்டென்று குளிரும். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது தெரியாது.

ஒரு எச்சரிக்கை: அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போவதுதான் மரியாதை. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மாட்டினால் திறந்த காரில் கண்ணே திறக்க முடியாது. கூலிங் கிளாஸ் வெறும் ஸ்டைல் இல்லை.

சோழவந்தானில் ஜெனகை மாரியம்மன் கோயில் பக்கம் டிபனை முடித்துவிட்டு ஆற்றைத் தாண்டினால் தென்கரை. மூலநாதசுவாமி கோயில் இங்கே. கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிட்டால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் கோயில்கள் காலையில், குன்றுகள் மாலையில்.

கதையின் மறுபக்கம்

தென்கரையிலிருந்து தெற்கே விக்கிரமங்கலம். பக்கத்திலேயே உண்டாங்கல் குன்று. இயற்கைக் குகை, உள்ளே பாறையில் வெட்டிய படுக்கைகள், அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ் பிராமியில். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழையவை. அங்கிருந்து செக்கானூரணி வந்து மதுரை ரோட்டைப் பிடித்தால் கொங்கர் புளியங்குளம், பிறகு கீழக்குயில்குடி சமணர் மலை.

கீழக்குயில்குடியில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். படியேறினால் பேச்சிப்பள்ளம், வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. இவை 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

காலையில் கேட்ட கதையை இப்போது எடுக்கலாம். ஏழாம் நூற்றாண்டோடு சமணர்கள் மதுரையில் இல்லாமல் போனார்கள் என்றால், அதற்கு இருநூறு முந்நூறு ஆண்டு கழித்து இந்தச் சிலைகளைச் செதுக்கியது யார்? கழுவேற்றம் பற்றி ஆய்வாளர்களிடையே சர்ச்சை நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சமண மடங்களும் அவற்றுக்குக் கொடை கொடுத்தவர்களும் பிறகும் இங்கே இருந்தார்கள் என்பதைக் கல்லே சொல்கிறது. திருவேடகத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒரு மதுரை, குயில்குடியை மட்டும் பார்த்தவருக்கு வேறொரு மதுரை.

இந்த எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே ‘இன்னார் லவ்ஸ் இன்னார்’ என்று கீறி வைத்திருப்பதும் கண்ணில் படும். ஆற்றாமைதான். சாக்பீஸ் தடவிப் போட்டோ எடுப்பதும், தண்ணீர் ஊற்றிப் படிப்பதும்கூட கல்லுக்குக் கேடு. சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெரியும்.

தனியாகப் போகிறவர்கள் உண்டாங்கல், செட்டிப்புடவு போன்ற இடங்களில் இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் போதும். துணிக்கூரை வண்டியில் லேப்டாப் பையை விட்டுவிட்டு மலை ஏறக் கூடாது. கத்திக்கு அந்தத் துணி ஒரு பொருட்டே இல்லை. அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

திரும்பும்போது நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் பைபாஸ். கூரையை மூடிவிட்டு ஏறலாம். வைகைப் பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் சமயநல்லூர் பலகை.