கொல்லையும் கோரையும்

கொல்லையில் நாலு கத்தரிச் செடியும் இரண்டு பந்தற் கொடியும் வைத்துவிட்டால் நித்தியம் கடைத்தெருவுக்கு நடக்கிற பிரயாசை மிச்சமாகும் என்று எண்ணித் தோட்டம் போட ஆரம்பிக்கிற கிருகஸ்தர்களில் பெரும்பாலோர், விதை முளைக்காததாலோ பூச்சி அரித்ததாலோ அதைக் கைவிடுவதில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் புறக்கதவைத் திறந்து, பத்து நாளைக்கு முன்வரை வெண்டைப் பாத்தியாக இருந்த இடம் இன்னதென்று தெரியாதபடி சாரணையும் கோரையும் மண்டிக் கிடப்பதைப் பார்த்து, மனம் சலித்துத்தான் கைவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இதை நான் சற்று அதிகாரத்தோடு சொல்வதற்குக் காரணம், அவ்விதம் ஒரு முறை கைவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதே.

எங்கள் வீட்டுக் கிணற்றடியை ஒட்டி ஒரு சென்ட் அளவுக்கு நிலம் சும்மா கிடந்தது. அதில் கோரை முளைத்திருந்ததைப் பார்த்து, முதல் வருஷம் ஆனி மாதக் கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, இரண்டு நாள் வியர்வை சிந்தி, மண்ணைக் கொத்திப் பொடியாக்கிச் சமன் செய்து, ஒரு புல்கூடக் கண்ணில் படாத அந்தக் கறுத்த நிலத்தைப் பார்த்துப் பெருமிதத்தோடு விதை போட்டேன். மூன்று வாரத்துக்குள், முன்பு ஒரு முளை இருந்த இடத்தில் ஐந்து முளைகள் ஊசி ஊசியாக நிமிர்ந்து நின்றன. களையெடுப்புக்கு வயல் வயலாகப் போய்ப் பழகிய எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி, வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“தம்பி, கோரையை வெட்டினா சாகாது, குட்டி போடும். பொறுக்கித்தான் எடுக்கணும்.”

“எத்தனை நாளைக்குப் பாட்டி பொறுக்குறது?”

“பச்சை கண்ணுல படுற வரைக்கும்.”

சொன்னதோடு நில்லாமல் உள்ளே வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தை முளைக்கு ஒரு சாண் தள்ளி ஆழமாக இறக்கி, மண்ணோடு நெம்பித் தூக்கி, விரலால் மெல்ல உதிர்த்துக் காட்டினாள். முளைக்குக் கீழே ஒரு கிழங்கு; அதிலிருந்து கறுத்த நூல் போல ஓடிய வேரின் நுனியில் இன்னொரு கிழங்கு; அதற்கப்பால் மற்றொன்று. உருத்திராட்ச மாலையைப் போலக் கோத்துக் கிடந்த அவற்றில் ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்தபோதுதான், நாட்டு மருந்துக் கடையில் ஸ்நானப் பொடிக்காக வாங்குகிற கோரைக்கிழங்கின் மணம் அதுவென்று எனக்குத் தெரிந்தது. காசு கொடுத்து வாங்குகிற சரக்கு என் கொல்லையிலேயே விருத்தியாகிக்கொண்டிருந்தது!

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். கிழங்குகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்வரை, முளைவிட்ட கிழங்கு தன் பின்னால் இருப்பவற்றை உறங்கவைத்திருக்கிறது. மண்வெட்டி அந்த நூலை அறுத்துவிட்டால், துண்டுபட்ட ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடுகிறது. 1977-இல் லீராய் ஹோம் என்ற தாவர சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் உலகத்தின் மிகக் கொடிய களைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்தக் கோரைக்கே முதல் ஸ்தானம் கொடுத்தார்கள் என்பதை வெகுநாள் கழித்துப் படித்தபோது, எனக்கு அவமானம் சற்றுக் குறைந்தது.

கோரைக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது: வெயிலும் நிழலும். முரண்பாடாகத் தோன்றினாலும் உண்மை அதுவே. சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட்டு, நீர் விடாமல் காயவைத்தால் மேலே வந்த கிழங்குகள் சுருங்கிச் செத்துப்போகும்; தப்பியவை, தட்டைப்பயறோ பூசணியோ படர்ந்து தரையை மூடிய இடத்தில் வெளிச்சமில்லாமல் சோர்ந்துபோகும்.

கோரைக்கு மண்வெட்டி செய்கிற உபகாரத்தைச் சிறு விதைக் களைகளுக்கும் அது செய்கிறது. குப்பைக்கீரை, பருப்புக்கீரை முதலியவற்றின் பொடி விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆழத்தில் புதைந்தால் வருஷக்கணக்கில் உயிரோடு உறங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர், 1879-இல் இருபதுக்கு மேற்பட்ட வகை விதைகளை, வகைக்கு 50 வீதம் ஈரமணலில் கலந்து, 20 குப்பிகளில் இட்டு மண்ணில் புதைத்தார். அவற்றுள் ஒன்றை 2021-இல், அதாவது 142 வருஷங்களுக்குப் பிறகு, தோண்டி எடுத்துப் பார்த்தபோதும் சில விதைகள் முளைத்தன. நம் கொல்லை மண்ணிலும் இப்படியொரு கிடங்கு உண்டு. ஆழக் கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் அதன் கதவைத் திறந்துவிடுகிறது.

ஆகையால் ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால், இரண்டு வாரத்துக்கு முன்பே பாத்தி கட்டி, எரு இட்டு, விதை போடாமலே நீர் விட்டுவிட வேண்டும். வெறும் பாத்திக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்து அண்டை அயலார் சிரிக்கலாம், பாதகமில்லை. பத்து நாளில் மேல்மண்ணில் உள்ள களை விதைகளெல்லாம் பசேலென்று கிளம்பும். அவை இரண்டிலைப் பருவத்தில் இருக்கும்போதே, ஒரு வெயில் நாளில், களைக்கொத்தின் முனையால் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிட்டு, மண்ணைக் கிளறாமல் வெண்டை விதையை ஊன்ற வேண்டும். அதன்பிறகு முதல் ஒரு மாதமே முக்கியம். அந்த மாதத்தில் செடிக்குப் போட்டியில்லாமல் பார்த்துக்கொண்டால், இலை விரிந்து தன் நிழலைத் தானே தேடிக்கொள்ளும். நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். அதன்பின் அங்கங்கே தலைகாட்டுகிற களையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எருவிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மாடு மேய்ந்த புல்லின் விதைகளில் பல அதன் வயிற்றையும் கடந்து உயிரோடு வெளிவருவதால், பச்சைச் சாணத்தைப் பாத்தியில் இடுவது களையை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். குவியல் சூடேறி நன்றாக மக்கிய எருவில் அந்தப் பயம் குறைவு. மூடாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வைக்கோலோ வாழைச் சருகோ கரும்புச் சோகையோ நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, செடியின் தண்டைத் தொடாமல் சற்று விலக்கிவிட்டால் போதும். களைக்கொல்லி மருந்தை வீட்டுத் தோட்டத்தில் நான் ஆதரிப்பதில்லை. 2,4-டி போன்ற மருந்து காற்றில் கொஞ்சம் விலகினாலும் பக்கத்துத் தக்காளி முறுக்கிக்கொண்டு வீணாகிவிடும்.

எல்லாக் களையும் பகையல்ல என்பதையும் அந்தப் பாட்டியிடமே கற்றேன். சாரணையைப் பிடுங்கி எறிவாள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையில் துணி சுற்றிக்கொண்டு பிடுங்கச் சொல்வாள். 1955-ஐ ஒட்டிப் புணேயில் கண்டறியப்பட்டுத் தேசமெங்கும் பரவிய அந்தச் செடி, ஆயிரக்கணக்கில் விதை உதிர்ப்பதோடு, தோலில் அரிப்பையும் கொடுப்பது. ஆனால் தொய்யக்கீரையும் பருப்புக்கீரையும் கண்ணில் பட்டால் அவள் முந்தானை விரிந்துவிடும். கத்தரி காய்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே என் தோட்டம் அவள் வீட்டுக்குக் கீரை கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்று வருஷமாகப் பொறுக்கி வருகிறேன். நேற்றுக் காலை கிணற்றடியில், வைக்கோலைத் துளைத்துக்கொண்டு ஏழு கோரை முளைகள் வந்திருந்தன. ஆறைக் கிழங்கோடு எடுத்துத் திண்ணையில் வெயிலுக்குப் போட்டேன். ஏழாவது துவைகல்லுக்கு அடியில் போகிறது. கல்லைப் புரட்ட இன்னோர் ஆள் வேண்டும்.