கிளிக்குத் தீனி கூடினால் என்ன ஆகும்?



ஒரு பறவை இனம் அழியப்போகிறது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களிடம் வருகிறது. என்ன செய்வீர்கள்?

"பத்திரமான இடத்தில் வைப்போம், வயிறு நிறையத் தீனி போடுவோம்" என்றுதானே சொல்கிறீர்கள்? நல்ல பதில். நியூசிலாந்து விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். அதன்பிறகு நடந்ததைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

அந்தப் பறவையின் பெயர் ககாப்போ. இது ஒரு கிளி, ஆனால் பறக்காது. உலகத்திலேயே எடை மிகுந்த கிளி இதுதான். நன்கு வளர்ந்த ஆண் 2 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். உடம்பு முழுக்கப் பாசிப் பச்சை. பகலில் தூங்கும், இரவில் எழுந்து காட்டுக்குள் நடக்கும், மரமும் ஏறும்.

ஆபத்து வந்தால் ககாப்போ ஓடாது. அசையாமல் அப்படியே நின்றுவிடும். மேலிருந்து கண்ணால் பார்த்து வேட்டையாடும் கழுகிடம் அது பலித்தது. மனிதர்களோடு வந்து சேர்ந்த பூனை, எலி, ஸ்டோட் என்ற சிறிய வேட்டை விலங்கு ஆகியவையோ மோப்பம் பிடித்துத் தேடுபவை. ககாப்போவின் உடம்பிலோ நல்ல வாசம் வீசும். அப்புறம் எப்படித் தப்பிக்கும், சொல்லுங்கள்? அதனால் மிஞ்சியிருந்த கிளிகளைப் பிடித்து, பகைவர்கள் இல்லாத சின்னத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1995இல் எண்ணிப் பார்த்தபோது இருந்தவை வெறும் 51. அவற்றிலும் ஆண்களே அதிகம்.

இப்போது ககாப்போவின் கல்யாண வழக்கத்தைப் பார்ப்போம். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண்கள் மேட்டு நிலத்துக்கு ஏறிவிடும். ஒவ்வொன்றும் தரையில் கிண்ணம் போலக் குழி பறித்து உட்காரும். மார்பைக் காற்றால் உப்பவைத்து, 'பூம்… பூம்…' என்று ஒலி எழுப்பும். இரவு முழுக்க, மாதக்கணக்கில் இது நடக்கும். ஒலி பல கிலோமீட்டர் தூரம் கேட்கும். பெண்கள் அதைக் கேட்டு நடந்து வந்து, பிடித்த ஆணைத் தேர்ந்தெடுக்கும். இணை சேர்ந்ததும் தனியே திரும்பிப் போய்விடும். முட்டையிடுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் தாய் ஒருத்தியே. அப்பா எட்டிக்கூடப் பார்க்காது.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பெண்கள் பலவும் ஒரே ஆணைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் சில ஆண்களுக்குக் குஞ்சுகள் ஏராளம், பல ஆண்களுக்கு ஒன்றுகூட இல்லை. புரிந்ததா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ககாப்போ வருஷா வருஷம் முட்டையிடுவதில்லை. ரீமு என்ற மரம் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் வருஷத்தில்தான் இடும். அது 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை காத்திருக்க விஞ்ஞானிகளுக்கு மனசு வரவில்லை. பெண் கிளிகள் தெம்பாக இருந்தால் சீக்கிரம் முட்டையிடும் என்று நம்பி, தீனியை வாரிக் கொடுத்தார்கள். கிளிகள் கொழுகொழுவென்று ஆயின. குஞ்சுகளும் பொரித்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண் குஞ்சுகள்!

ஏற்கெனவே பெண்கள் குறைவு. முட்டையிட வேண்டியவை அவைதான். ஆண்களாகவே பிறந்துகொண்டிருந்தால் இனம் எப்படிப் பெருகும்?

ஏன் இப்படி ஆயிற்று? கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். வலிமையான மகன் பல பெண்களோடு இணை சேர்வான். தாய்க்கு நிறையப் பேரக்குஞ்சுகள். நோஞ்சான் மகனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேரக்குஞ்சே இல்லை. மகள் அப்படியல்ல. ஒல்லியோ குண்டோ, அவளுக்குச் சில குஞ்சுகளாவது கிடைத்துவிடும். ஆகவே நன்றாகத் தின்று கொழுத்த தாய்க்கு மகன் லாபம். இளைத்த தாய்க்கு மகள் லாபம். டிரிவர்ஸ், வில்லார்ட் என்ற இரு அறிஞர்கள் இந்தக் கருத்தை 1973இலேயே எழுதியிருந்தார்கள். தாய்க் கிளி உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. பல்லாயிரம் தலைமுறைகளில் அதன் உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. மனிதர்களில் ஆணா பெண்ணா என்பதை அப்பாவின் விந்தணு முடிவு செய்கிறது. பறவைகளில் தாயின் முட்டைதான் முடிவு செய்கிறது. இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் பிடிபட்டதும் விஞ்ஞானிகள் தீனியை அளந்து போட ஆரம்பித்தார்கள். மெலிந்த கிளிக்கு முட்டையிடும் தெம்பு வரும் அளவுக்கு மட்டும் கொடுத்தார்கள். கொழுக்கும் அளவுக்குக் கொடுக்கவில்லை. 2002இல் ரீமு நன்றாகக் காய்த்தது. தேறிய குஞ்சுகள் 24. அவற்றில் 15 பெண் குஞ்சுகள்! எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் வெற்றிகளில் இது ஒன்று. புது இயந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பறவையைக் கூர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. சில ஆண்களே எல்லாக் குஞ்சுகளுக்கும் அப்பா என்றால், அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைகள்தானே? ஒரே மரத்திலிருந்து ஒட்டுப் போட்ட மாந்தோப்பை நினைத்துப் பாருங்கள். எல்லா மரமும் ஒரே குணம். ஒரு மரத்தைக் கொல்லும் நோய் தோப்பையே கொன்றுவிடும். நாட்டுமா, மல்கோவா, பங்கனபள்ளி என்று கலந்திருந்தால் ஏதாவது சில தப்பிக்கும். உயிரின் குணங்களைத் தாங்கியிருப்பவை மரபணுக்கள். அவற்றில் எவ்வளவு வகை இருக்கிறதோ, அவ்வளவு நல்லது. நெருங்கிய சொந்தங்களே மீண்டும் மீண்டும் இணை சேர்ந்தால் பொரிக்காத முட்டைகளும் கூடும்.

அதனால்தான் ரிச்சர்ட் ஹென்றி என்ற கிழட்டு ஆண் கிளிக்கு அத்தனை மதிப்பு. மற்ற கிளிகளெல்லாம் ஸ்டூவர்ட் தீவைச் சேர்ந்தவை. இவரோ ஃபியோர்ட்லாந்து என்ற மலைப்பகுதியில் 1975இல் கிடைத்தவர். அந்தப் பக்கத்தில் கிடைத்தவை எல்லாமே ஆண்கள். மற்றவை ஒவ்வொன்றாக இறந்துபோக, இவர் ஒருவரே மிஞ்சினார். அவர் இறந்தால் அந்த மரபணுக்களும் போய்விடும். நல்லவேளையாக 1998இல் ஃப்ளாசி என்ற பெண் அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று குஞ்சுகள் பிறந்தன: ஒரு மகள், இரண்டு மகன்கள். ரிச்சர்ட் ஹென்றி 2010இல் இறந்துபோனார்.

இன்று பெரும்பாலான ககாப்போக்களின் முதுகில் சின்ன ரேடியோ கருவி இருக்கிறது. எது எதோடு இணை சேர்ந்தது என்பதுவரை தெரிந்துவிடும். 2015இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், அப்போது உயிரோடிருந்த 125 கிளிகளின் மரபணுத் தொகுதியையும் படித்துப் பதிவு செய்தார்கள். ஓர் இனத்தில் உயிரோடிருந்த அத்தனை பேரையும் அப்படிப் படித்தது அபூர்வத்திலும் அபூர்வம். எந்தக் கிளியை எந்தத் தீவில் வைப்பது என்று தீர்மானிக்க இந்த விவரங்கள் உதவுகின்றன.

2022இல் ககாப்போக்களின் எண்ணிக்கை 250ஐத் தாண்டியது. இனிமேல் ஏதாவது விலங்கின் எண்ணிக்கை கூடியதாகச் செய்தி படித்தால் சந்தோஷப்படுங்கள் கண்ணுகளா. கூடவே, "அதில் பெண்கள் எத்தனை? அப்பாக்கள் எத்தனை?" என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.