தும்பு முட்டாசின் றோஸ் நிறம்: எதற்கு அஞ்ச வேண்டும்?

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறும் பிள்ளைகளின் கண், கச்சான் கடைக்கு அடுத்தபடியாகத் தும்பு முட்டாசையே தேடும். அதன் றோஸ் நிறம் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வி 2024 பெப்ரவரியில் தமிழகத்தில் பெரிதாக எழுந்தது. முதலில் புதுச்சேரியும், 17ஆம் திகதி தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடைசெய்தன. பரிசோதித்த மாதிரிகளில் றோடமைன் பி இருந்ததே காரணம்.

றோடமைன் பி என்பது என்ன?

துணிக்கும் கடதாசிக்கும் போடும் சாயம். மலிவானது, சிறிதளவு போட்டாலே பளிச்சென்ற நிறம் தரும். உணவில் சேர்க்க அனுமதி இல்லை. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் ஈரலைப் பாதித்தது.

அனுமதித்த நிறங்கள்?

அவை வேறு வகை. மஞ்சள் தரும் தார்த்திரசின் (ஈ 102) அவற்றில் ஒன்று. யாழ் மாவட்ட இனிப்புகளையும் பானங்களையும் ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில் அதிகம் காணப்பட்டதும் அதுவே.

இங்கே அளவுதான் முக்கியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை தார்த்திரசினுக்கு வகுத்த நாளாந்த எல்லை, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 450 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 90 மட்டுமே. ஒரே இனிப்பைத் தாயும் பிள்ளையும் தின்றாலும், பிள்ளையே எல்லையை விரைவில் நெருங்கும்.

2007இல் பிரித்தானியாவின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில நிறங்களும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானம் குடித்த பிள்ளைகள் சிலரிடம் துருதுருப்பு கூடியதைக் கண்டது. விளைவு சிறியது, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரேமாதிரி இல்லை. என்றாலும் 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது.

நாம் என்ன செய்யலாம்?

பொதி செய்த இனிப்பென்றால் சுட்டியை வாசிக்கலாம். ஈ 102, ஈ 110, ஈ 122, ஈ 124, ஈ 129 போன்ற இலக்கங்களைப் பார்த்து அளவோடு கொடுக்கலாம். பெயரும் சுட்டியும் இல்லாமல் பையில் கட்டி விற்கும் இனிப்பில் அந்த வழி இல்லை. எந்தச் சாயம் என்பதைக் கண்ணால் பிரித்தறியவும் முடியாது, ஆய்வுகூடம் வேண்டும். சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கோயில் நிருவாகத்தினரால் இதைவிட எளிதாக ஒன்று செய்ய முடியும். தும்பு முட்டாசின் இனிப்பெல்லாம் சீனியிலிருந்து வருவது. சாயம் ருசிக்கு எதுவும் சேர்ப்பதில்லை. திருவிழாக் கடைக்கு இடம் கொடுக்கும்போதே, சாயம் போடாத வெள்ளை முட்டாசை மட்டுமே விற்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். வியாபாரியின் பிழைப்பும் கெடாது, பிள்ளையின் ஆசையும் கெடாது.