பாலுக்கு ஒரு வாய், ரத்தத்துக்கு வேறு வாய்

முப்பத்து நான்கு வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒருசேர வருவதில்லை. அதனால் பால் மெல்லிய டியூப் வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது. குடல் பழகும்வரை குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு ஆகியவை ரத்தக்குழாயில் ஏற்றப்படுகின்றன. ஒரு கிலோ குழந்தைக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஒரு நாளைக்குச் சுமார் 15 மில்லி. மணிக்கு அரை மில்லிக்குச் சற்று மேல். இவ்வளவு மெதுவாகத் தள்ள சிரிஞ்ச் பம்ப் வேண்டும். பல இடங்களில் பாலைத் தள்ளுவதும் அதே பம்ப்தான். கொழுப்பும் வெள்ளை, பாலும் வெள்ளை. இரண்டு டியூபுக்கும் ஒரே லூயர் வாய் (சிரிஞ்சும் டியூபும் பொருந்தும் வழக்கமான இணைப்பு) என்றால், பால் சிரிஞ்ச் ரத்தக்குழாய் டியூபில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். 2009 ஜூலையில் மாட்ரிட் மருத்துவமனை ஒன்றில், வயிற்றுக்குப் போகவேண்டிய பால் ரத்தத்தில் ஏறி ஒரு குறைமாதக் குழந்தை இறந்தது.

நர்ஸ்கள் கவனமாக இருந்தால் போதாதா, லேபிள் ஒட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். நள்ளிரவில், மங்கிய வெளிச்சத்தில், பல குழந்தைகளை ஒருவரே பார்க்கும்போது, கவனத்தை மட்டும் காவலுக்கு வைப்பது அநியாயம். நிறத்தையும் நம்ப முடியாது; ஒரு கம்பெனியின் பால் டியூப் ஊதா, இன்னொன்றினுடையது ஆரஞ்சு. மயக்க மருந்துத் துறை இதற்கு எப்போதோ விடை கண்டது: நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை ஆக்சிஜனுக்கான இடத்தில் மாட்டவே முடியாதபடி பின்களின் இடத்தை மாற்றி வைத்தது. பாலுக்கான டியூபுக்கும் அப்படியொரு தனி வாயை ஐ.எஸ்.ஓ. 80369-3 தரநிர்ணயம் 2016இல் வகுத்தது. சந்தையில் அதன் பெயர் என்ஃபிட். லூயரோடு அது சேராது.

வலுவான ஆட்சேபம் பச்சிளம் குழந்தை மருத்துவர்களிடமிருந்து வந்தது. என்ஃபிட் சிரிஞ்சின் அகன்ற முனையில் மருந்து கொஞ்சம் தங்கும். பெரியவர்களுக்கு அது பொருட்டல்ல, கால் மில்லி மருந்து வாங்கும் குழந்தைக்கு அது அளவையே மாற்றிவிடும். நியாயமான கவலை இது. அதற்காகவே, தேக்கத்தைக் குறைக்கும் உள்முனை கொண்ட சிறிய சிரிஞ்சுகள் வந்தன. சிறு அளவுகளுக்கு அவற்றைத்தான் வாங்க வேண்டும். டியூபின் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்பதைப் புது வாய் சொல்லாது என்பதும் உண்மை. அந்தச் சோதனை எப்போதும்போலத் தொடர வேண்டும். செலவைக் காரணம் காட்டி டியூபை மட்டும் மாற்றிவிட்டு, பழைய சிரிஞ்சைப் பொருத்த அடாப்டர் வாங்கிவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய வாயை அந்த அடாப்டர் மறுபடி கொண்டுவந்துவிடுகிறது. டியூப், சிரிஞ்ச், பம்ப் செட் மூன்றையும் ஒரே டெண்டரில், ஒரே நாளில் மாற்ற வேண்டும். வார்டில் ஓர் அடாப்டர்கூட மிஞ்சக் கூடாது.