வெடி வைத்தும் சாகாத தாளம்

வெடி வைத்து ஓர் இசையை ஒழித்துவிடலாம் என்று ஒரு கூட்டம் நம்பிய நாள் உண்டு. 1979 ஜூலை 12, அமெரிக்காவின் சிகாகோ நகரம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு பேஸ்பால் பார்க்கலாம், தட்டுகளை வெடி வைத்துத் தகர்ப்பதையும் பார்க்கலாம் என்று ஏற்பாடு. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் வேலை அது. சுமார் 50,000 பேர் திரண்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடித்தார்கள். புல்தரையில் பள்ளம் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் குதித்தார்கள். போலீஸ் வந்து 39 பேரைக் கைது செய்தது. இரண்டாவது ஆட்டத்தை நடத்த முடியாமல் உள்ளூர் அணியான வொயிட் சாக்ஸ் தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கோபம் வெறும் இசைக் கோபம் இல்லை என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் ஆடிய கிளப்புகளில் வளர்ந்த இசை அது. சரி, வெடித்ததில் டிஸ்கோ செத்ததா? அமெரிக்க வானொலியில் சில ஆண்டுகளுக்கு அடங்கியது, அவ்வளவுதான். அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் அந்தத் தட்டுகளையே ஓட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஹவுஸ் இசை பிறந்தது. இங்கே, பெங்களூரில் பிறந்து லண்டன் போன பிட்டு 1980-ல் 'குர்பானி' படத்துக்காக நாசியா ஹசன் என்ற பள்ளி மாணவியைப் பாடவைத்து இந்தியா முழுவதையும் ஆடவைத்தார். இரண்டே வருஷத்தில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது.

தமிழில் அதற்கும் முன்பே வாசல் திறந்திருந்தது. இளையராஜா இசையமைத்து 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. 1982-ல் 'சகலகலா வல்லவன்'. வாலி எழுதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய அதன் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் தமிழ்நாட்டில் ஒலிக்காத ஊர் அபூர்வம். அர்ச்சுனா நதியின் அணையும் அக்கம்பக்கத்துப் பட்டாசு ஆலைகளுமாக இருக்கும் சிவகாசி வட்டாரத்து ஆனைக்குட்டமும் அதற்கு விலக்கல்ல. பாட்டு வந்தபோது பிறந்திராதவர்கள்தான் இன்று அதற்கு அதிகம் ஆடுகிறார்கள்.

ஏன் என்பதற்கு விடை தேட சிவகாசி வட்டாரத்தைவிட நல்ல இடம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சிதான் தாளம். திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சிதான் சரவெடியும். ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, மற்றொன்றுக்குக் கை போய்க் காதைப் பொத்துகிறது. சத்தத்தின் அளவு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. சரவெடியைப் பதிவு செய்து சன்னமாக ஓட்டிப் பாருங்கள், அப்போதும் யாரும் ஆடமாட்டார்கள்.

காரணம் இடைவெளி. நொடிக்குப் பத்துக்கும் மேல் ஒலிகள் விழுந்தால் மூளை அவற்றைத் தனித்தனியாக எண்ணுவதை விட்டுவிட்டு ஒரே இரைச்சலாக எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் வாலா பற்றி ஓடும்போது நடப்பது இதுதான். போதாததற்கு, இரண்டு வெடிகளுக்கு நடுவே உள்ள நேரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மறுபக்கம், ஓர் அணுகுண்டு, நாலைந்து நொடி கழித்து இன்னொன்று என்று வெடித்தால் முதல் சத்தத்தையும் அடுத்ததையும் மூளை ஒரு சங்கிலியாகக் கோப்பதில்லை. தோராயமாக 0.2 நொடிக்கும் 2 நொடிக்கும் இடையில் சீராக விழும் ஒலிகளைத்தான் நாம் தாளமாக உணர்கிறோம். அதற்குள்ளும் மனிதர்களுக்கு மிகவும் இணக்கமான இடம் அரை நொடி, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி.

அந்த 120 எங்கிருந்து வந்தது? நம் காலிலிருந்து. சாதாரணமாக நடக்கும் மனிதர் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு வைக்கிறார். அன்றாட வேலைகளின்போது உடல் அசைவதைக் கருவி கட்டி அளந்த ஆய்வாளர்களும் நொடிக்கு இரண்டு என்ற எண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலான டிஸ்கோ பாட்டுகள் அந்த எண்ணைச் சுற்றியே ஓடுகின்றன.

வேகம் சரியாக அமைந்தால் மட்டும் போதுமா? அணிவகுப்பு இசைக்கும் அதே வேகம்தான். அதற்கு யாரும் இடுப்பை அசைப்பதில்லை. டிஸ்கோவின் கைவண்ணம் வேறிடத்தில் இருக்கிறது. 1973-ல் ஃபிலடெல்ஃபியாவின் எர்ல் யங் என்ற டிரம்மர், ஹெரால்ட் மெல்வின் குழுவின் பதிவொன்றில், காலால் அடிக்கும் பெரிய டிரம்மை ஒவ்வொரு அடிக்கும் சமமாக அடித்தார். அதுவரை ராக், சோல் பாட்டுகளில் பெரிய டிரம் ஓர் அடியும் சின்ன டிரம் மறு அடியுமாக மாறி மாறி வருவதே வழக்கம். பழகாத காதுக்கு எங்கே தொடங்குவது என்று குழம்பும். நாலு அடியும் ஒன்றாகிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. எந்த அடியில் வேண்டுமானாலும் ஆட்டத்துக்குள் புகுந்துகொள்ளலாம், பயிற்சி வேண்டாம். நம் கும்மியில் புதிதாக வரும் சிறுமி கைதட்டைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்துவிடுவதும் இந்த வழியில்தான்.

எர்ல் யங் இன்னொன்றும் செய்தார். இரண்டு அடிகளுக்கு நட்ட நடுவில் ஹை-ஹாட் தாளத்தட்டைத் திறந்து 'ட்ஸ்ஸ்' என்று விட்டார். அடி கீழே இறக்குகிறது, இந்த ஒலி மேலே தூக்குகிறது. இவற்றுக்கு மேல் கிடாரும் வயலின்களும் அடிக்குச் சற்று முன்னும் பின்னுமாக விழும். மரியா விட்டெக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: அடி பிசகாத தாளமும் ஆடும் ஆசையைத் தூண்டவில்லை, ஒரேயடியாகச் சிக்கலான தாளமும் தூண்டவில்லை, இரண்டுக்கும் நடுவில் அளவாக முரண்டும் தாளமே அதிகம் தூண்டியது. அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டால்கூட, உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்வதை ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-ல் ஸ்கேனில் காட்டியிருந்தார்கள். மூளை அடுத்த அடியை முன்கூட்டியே கணிக்கிறது. பாட்டு அந்தக் கணிப்பைக் கொஞ்சம் சீண்டிவிட்டு, பிறகு நிறைவேற்றுகிறது. டிஸ்கோவை மேலோட்டமான இசை என்று ஒதுக்கியவர்கள் வரிகளைத்தான் எடைபோட்டார்கள், கட்டுமானத்தைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு இதைவிட வியப்பு ஒன்று உண்டு. நம் ஊர்களுக்கு டிஸ்கோ வந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. பொங்கல் சாட்டினாலும் கல்யாணம் என்றாலும் மைக் செட் கட்டும் அந்தக் கூம்பு, பேச்சுக்குச் செய்த கருவி. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குச் சத்தமே எழும்பாது. டிஸ்கோவின் உயிரோ அடித்தளத்து பாஸ் ஒலியில். உயிரை வடிகட்டிவிட்டு அனுப்பியும் ஊர் எப்படி ஆடியது?

மூளை இட்டுநிரப்பியது. பாஸ் கிடாரின் ஒரு நரம்பு 80 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், கூடவே 160, 240, 320, 400, 480 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். கூம்பு கீழ் மூன்றையும் விழுங்கிவிட்டு 320, 400, 480-ஐ மட்டும் வெளியே விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இடையே 80 வித்தியாசம் இருப்பதைக் கொண்டு, காற்றில் இல்லவே இல்லாத 80-ஐ மூளை சுருதியாகக் கேட்கிறது. தொலைபேசியில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பதற்கும் இதுதான் காரணம். பெரிய டிரம்மில் கட்டை மோதும் 'டக்' என்ற ஓசையோ உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கூம்பில் தாராளமாக வந்துவிடும்.

ஆள் உயரப் பாக்ஸ்கள் வந்தபிறகு நடந்தது வேறு கதை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கேமரன் குழு ஒரு மின்னிசைக் கச்சேரியில் காதுக்குக் கேட்டும் கேட்காததுமான மிகத் தாழ்ந்த ஒலிகளை இடையிடையே போட்டும் நிறுத்தியும் பார்த்தது. கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒலி இருந்தபோது ஆட்டம் 11.8 சதவீதம் கூடியது. 2022-ல் வெளியான முடிவு இது. உட்காதில் உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் தோலும் அந்த அதிர்வை வாங்கிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

பிறக்கும் முன் வந்த பாட்டு பிள்ளைகளுக்கு எப்படிப் பிடிக்கிறது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கரோல் கிரம்ஹான்ஸல் 2013-ல் கண்டது: இளைஞர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகளும் மனசில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. வீட்டில் ஓடிய கேசட்தான் வேலை செய்திருக்கிறது. நல்ல கட்டுமானம் உள்ள பாட்டுக்கு இப்படி ஒரு வாரிசுரிமையும் சேர்ந்துவிட்டால் நாற்பது வருஷம் பெரிய காலம் இல்லை.

அப்படி நிலைத்துவிட்ட டிஸ்கோ பாட்டு ஒன்றின் கதையைப் பாருங்கள். பிரான்சில் 1977-ல் பீ ஜீஸ் குழு 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்மர் டென்னிஸ் பிரையன், குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போயிருந்தார். அவர் வேறொரு பாட்டுக்கு வாசித்திருந்த சிறு துண்டை நாடாவில் வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றவிட்டுப் பாட்டு முழுக்க ஓட்டினார்கள். தட்டில் டிரம் வாசித்தவர் பெயராக 'பெர்னார்ட் லூப்' என்று ஒருவரைக் குறும்பாகப் போட்டார்கள். மனிதர் அடித்த அடி, யந்திரம்போல் பிசகாத சுற்று, நிமிடத்துக்கு 103 அடி.

இந்த எண்ணுக்கு மருத்துவத்தில் ஒரு பயன் உண்டு. இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பதற்றத்தில் கை அதிக வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் பின்தங்கும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பியோரியா வளாகத்தில் 2008-ல் சிலருக்கு இந்தப் பாட்டோடு பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்துப் பாட்டு இல்லாமல், மனசுக்குள் பாடிக்கொண்டே அழுத்தியபோதும் வேகம் தவறவில்லை.

மின்சாரம் தாக்கியோ மாரடைப்பாலோ ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசைவின்றி, மூச்சும் இல்லாமல் கிடந்தால் 108-ஐ அழையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். வேகத்துக்கு ஆங்கிலப் பாட்டுதான் வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு மனப்பாடமான தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாளம் போடுங்கள்: 15 நொடியில் 25 முதல் 30 அடி விழுந்தால் அந்தப் பாட்டு போதும். இன்றைக்கே ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.