படலையிற் கிடந்த ஞமலி

நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர் பழந்தமிழர். அதன் குட்டியைக் குருளை என்றல் தொல்காப்பிய மரபியல் கூறும் வழக்கு. பெயர் பலவாயினும் நாயென்பது வேட்டைக்கும் காவலுக்கும் உரியது என்ற எண்ணமே எம்முள் ஊறிக்கிடந்தது. மடியிற் கிடந்து உறங்குவதையே தொழிலாகக் கொண்ட சிறுநாயொன்றை இலக்கணங் கற்பிக்கும் ஒருவன் பொருட்படுத்துவானா? மூன்றாண்டுகளுக்கு முன்வரை யானும் பொருட்படுத்தினேன் அல்லேன்.

அயல்வீட்டார் குடும்பத்தோடு கனடா சென்றனர். வீட்டுத் திறப்பையும், தென்னைகளுக்கு நீர் விடும் முறையையும் உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தனர்; ஆறு வயது நாயையும் அவரிடமே விட்டனர். உறவினர் சில நாள் சோறு வைத்தார், பின்னர் வரவில்லை. நாயோ படலையடியை விட்டு அகலவில்லை. ஒழுங்கையில் வாகன ஒலி கேட்குந்தோறும் எழுந்து நின்று, வாகனம் கடந்ததும் படுத்துக்கொள்ளும். பத்தாம் நாள் என் மனைவி அதனைத் தூக்கிவந்தாள். யான் முணுமுணுத்தது உண்மை.

அதன் தாய் பொமரேனியன். தந்தை எங்கள் ஒழுங்கையில் திரிந்த நாட்டுநாய் என்பர். பொமரேனியன் என்பது பால்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா என்னும் நாட்டாற் பெற்ற பெயர். அதன் முன்னோர் உருவிற் பெரியர். விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மார்க்கோ என்னும் சிறுநாயைப் பெற்று வளர்த்த பின்னரே சிறிய உருவம் பெருவழக்காயிற்று. எம்மிடம் வந்தது தாயின் அடர்ந்த மயிரையும் தந்தையின் நீண்ட காலையும் கொண்டிருந்தது. குரைப்பு யாருடையதோ அறியேன். ஆளுக்கு மிஞ்சிய குரல்!

கலப்பில் எது வந்து சேரும் என முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. அவுஸ்திரேலியாவில் வொலி கொன்றன் என்பார், நாய்மயிர் ஒவ்வாத கணவரையுடைய பார்வையற்ற பெண்ணொருவருக்காக, 1989ஆம் ஆண்டில் லபிறடோரையும் பூடிலையும் சேர்த்தார். ஓரீற்றிற் பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றே அவர்க்கு ஏற்றதாயிற்று. கலப்புநாய் நோயறியாது என்பதும் முழு உண்மையன்று. பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை இருப்பின் குட்டியும் அதற்குத் தப்பாது. ஆதலின் குலப்பெயரை நம்பாது கண்முன் நிற்கும் நாயை நோக்குதல் வேண்டும்.

நோக்கத் தெரியாத காலத்தில் யாம் செய்த பிழை ஒன்று. நாள்தோறும் சோற்றிலே சொதியை ஊற்றி வைத்தோம். அதுவும் விரும்பி உண்டது. சில வாரங்களில் சோர்ந்தது, முரசு வெளிறியது. மிருக வைத்தியர் உணவை வினவியறிந்து தலையில் அடித்துக்கொண்டார். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பன. சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. உடல் சிறிதாயின் சிறிதளவே போதும். சொக்கிலேற்றும் நஞ்சு, திராட்சையும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்று முதல் அதற்கு உப்பும் உறைப்பும் இன்றி அவித்த இறைச்சியும் சோறும் சிறிது பூசணியும் தனியே ஆக்கப்படுகின்றன. அது தேறிய பின்னரே எனக்கு உறக்கம் வந்தது.

கோடையில் அதன் மயிரை மழித்துவிட எண்ணினேன். வைத்தியர் தடுத்தார். இரட்டை அடுக்கான அம்மயிர் வெயிலையும் தடுக்குமாம். சீவி, உதிர்ந்ததை அகற்றினாற் போதும். சீவும்போதே உண்ணியும் தெள்ளும் அகப்படும். சிறுநாயின் மூச்சுக்குழல் மெலிந்ததாதலின் கழுத்துப்பட்டியில் இழுத்தல் தகாது. மார்பைச் சுற்றிய வாரே நன்று. நாற்பத்திரண்டு பற்கள் சிறு தாடையில் நெருங்குதலால் ஊத்தை விரைவிற் படியும், துலக்க வேண்டும். நடக்கும்போது பின்னங்காலொன்றைத் தூக்கித் தூக்கி வைத்தால் முழங்காற் சில்லு விலகுகின்றதோ எனப் பார்ப்பிக்க வேண்டும்.

தடுப்பூசிப் புத்தகம் எம்மிடம் தரப்படவில்லை. ஊசி போட்டதோ இல்லையோ என்ற ஐயத்தோடு புதிதாகவே தொடங்கினோம். மடிநாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி எதற்கு என்பார் உளர். வளவுக்குள் வரும் பூனையும் கீரியும் அந்நோயைக் கொண்டுவரக்கூடும். கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அந்நோய் முற்றித் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது.

சென்ற ஆவணியில் அயல்வீட்டார் விடுமுறைக்கு வந்தனர். அவர்தம் குரல் கேட்டதும் நாய் பாய்ந்தோடிச் சுற்றிச் சுற்றி வந்து கதறியது. அவர்களும் கண்கலங்கினர், யான் அவர்களை நோவவில்லை. இரு வாரத்தில் மீண்டும் சென்றனர். நாய் மறுபடியும் அப்படலையிற் போய்ப் படுத்தது. இழுத்துவர யாம் முயலவில்லை. மனைவி சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். நான்காம் நாள் மாலை, யான் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தபோது, காலடியில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது.